முகாமுக்குக் கொடுப்பது பிச்சையா?

கூடங்குளம், ராதாபுரம், வள்ளியூர் வட்டாரத்தில் ஒரு பேச்சு நெடுநாளாக நடமாடி வருகிறது. டீக்கடை பெஞ்சிலும் ரேஷன் கடை வரிசையிலும் மில் வாசலிலும் அது காதில் விழுகிறது. "சிலோன் அகதிக்கு மாதாமாதம் காசு, அரிசி, இப்போது காங்கிரீட் வீடு. இங்கேயே பிறந்து இங்கேயே உழைத்துச் சாகிற நமக்கு என்ன கிடைத்தது?" என்பதே அந்தப் பேச்சு.

இப்படிப் பேசுகிறவர் கெட்ட எண்ணக்காரர் அல்ல. அவரும் பட்டினி அறிந்தவர்தான். வேலையற்ற நாளில் கடன் வாங்கி உலை வைத்தவர்தான். ஆகவே அவரைத் திட்டி வாயடைப்பது நம் வேலையல்ல. அவரிடம் கணக்கைக் காட்ட வேண்டும். இந்தப் பேச்சு முதலில் எங்கே பிறந்தது, அதனால் லாபமடைந்தவன் யார், நஷ்டமடைந்தவன் யார் என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதலில் காசுக் கணக்கு. 2021 ஆகஸ்டில் ராஜ்ய சர்க்கார் முகாம் மக்களின் உதவித் தொகையை உயர்த்தியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் 1,000, குழந்தைக்கு 500. அதற்கு முன்பு இந்தத் தொகைகள் 1,000, 750, 400 என்றே இருந்தன. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு, உயர்த்திய பிறகும் மாதம் 3,500 ரூபாய்தான். நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டில் தமிழகத்துக்கென்று நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். ஓர் ஆள் பத்து நாள் மண் வெட்டினால் 3,360. நான்கு பேர் முப்பது நாள் உயிர் வாழக் கொடுக்கிற தொகை, ஓர் ஆளின் பத்தரை நாள் கூலி! குழந்தையின் பங்கு நாளுக்கு 17 ரூபாய்கூட இல்லை. அந்தக் காசில் நம் ஊர்க் கடையில் என்ன வாங்கலாம் என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

வீட்டு விஷயமும் அப்படியே. 1990ல் வந்தவர்களுக்குத் தாற்காலிகம் என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தவை பத்துக்குப் பத்து அடி அறைகள். ஒரே அறையில் சமையல், படுக்கை, பிள்ளையின் படிப்பு, கிழவியின் இருமல் எல்லாம். அதே அறையில் பிள்ளை வளர்ந்து, கல்யாணம் செய்து, நடுவில் சேலையைத் திரையாகக் கட்டி இரண்டு குடித்தனமாக்கிக் கொண்டான். தாற்காலிகம் முப்பது வருஷம் நீடித்தது. 2021 ஆகஸ்டில்தான் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக சட்டசபையில் அறிவிப்பு வந்தது. 2022ல் திண்டுக்கல் ஜில்லா தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. இதை நாம் வரவேற்கிறோம். முகாம்களுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றியதையும் வரவேற்கிறோம். ஆனால் பெயரை மாற்றுவதற்கு ஒரு நாள் போதும். அந்தஸ்தை மாற்றுவதற்கு டெல்லி இன்னும் மனம் வைக்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறோம்.

நம் ஜில்லாவில் கோபாலசமுத்திரத்தில் முகாம் உண்டு. கங்கைகொண்டானில் உண்டு. கூடங்குளத்துக்குப் பக்கத்தில் சமூகரெங்கபுரத்தில் உண்டு. அங்கே இருப்பவர் யார்? "சிலோன்காரர்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி விடுகிறோம். யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திரிகோணமலை என்று பல இடத்து மக்கள் அவர்கள். அவர்களில் கணிசமானோர் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாரிசுகள். தோட்டத் தொழிலாளி சிலோனுக்குப் போனது எங்கிருந்து? திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து!

போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், மழை பொய்த்து, பண்ணையாரிடம் பட்ட கடன் கழுத்தை நெரித்தபோது, கங்காணி வந்தான். முன்பணம் கொடுத்தான். "அக்கரையில் தேங்காயும் மாசியும் கொட்டிக் கிடக்கிறது" என்றான். காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடித்தான், 1869க்குப் பிறகு இலை நோயால் காப்பி அழிந்தது, தேயிலை வந்தது, அதற்கும் ஆள் பிடித்தான். தோட்டத்தில் இறங்கும்போதே தொழிலாளி கடன்காரன். அந்தக் கடன் சீட்டுக்குத் "துண்டு" என்று பெயர். துண்டைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. நம் ஊர் பண்ணையாள் முறைக்கு அக்கரையில் வைத்த பெயர்தான் அது.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் போயிற்று. 1914ல் தனுஷ்கோடி - தலைமன்னார் பாதை திறந்தது. அப்போது கூலி ஜனங்களை நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, கிருமி நீக்கி அனுப்புவதற்காக மண்டபத்தில் ஒரு முகாமை இலங்கைச் சர்க்காரே நடத்தியது. தோழர்களே, இதைக் கவனியுங்கள்: 1983க்குப் பிறகு படகேறி வந்த அகதிகளைப் பதிவு செய்து தங்க வைத்ததும் அதே மண்டபம் முகாமில்தான். தாத்தாவைக் கூலியாக அனுப்பிய இடத்தில் பேரனை அகதியாக இறக்கினார்கள். நடுவில் ஒரு நூறு வருஷ உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பின் லாபம் லண்டன் கம்பெனிகளின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

இனி அந்தப் பேச்சு பிறந்த இடத்துக்கு வருவோம்.

"வெளியூரான் வந்து நம் வேலையைப் பறிக்கிறான்." இந்த வார்த்தை கொழும்பு நகரத்தில் 1930களில் பேசப்பட்டது. உலகமெங்கும் நெருக்கடி, துறைமுகத்திலும் ஆலையிலும் ஆட்குறைப்பு. ஆட்களைக் குறைத்தவன் வெள்ளைக்கார முதலாளி. ஆனால் விரல் நீண்டது மலையாளத் தொழிலாளியையும் தமிழ்த் தொழிலாளியையும் நோக்கி. அந்தப் பிரசாரத்தைச் செய்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஏ. ஈ. குணசிங்க. இலங்கையில் தொழிற்சங்கத்துக்கு அஸ்திவாரமிட்டவர்; 1929ல் கொழும்பு டிராம் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நடத்தியவர். சிங்களத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் தோளோடு தோள் நின்ற சங்கத்தைக் கட்டிய அதே மனிதர், நெருக்கடி வந்தபோது ஒரு பாதியை மறு பாதிக்கு எதிராகத் திருப்பினார். முதலாளிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

பிறகு நடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1939ல் இலங்கைச் சர்க்கார் இலாகாக்களில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டனர். அந்த வருஷம் ஆகஸ்டில் இங்கிருந்து கூலிக்கு ஆள் போவதை இந்திய சர்க்கார் நிறுத்தியது. நாடு சுதந்திரம் பெற்ற 1948லேயே இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டுத் தமிழர் சுமார் ஏழு லட்சம் பேர் ஒரே அடியில் எந்த நாட்டுக்கும் பிரஜை அல்லாதவர் ஆனார்கள். 1949ல் ஓட்டும் போயிற்று. ஏன் அவர்களை முதலில் குறி வைத்தார்கள்? 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் ஓட்டுகள் இந்தியக் காங்கிரஸ் அபேட்சகர்களுக்கும், பல தொகுதிகளில் இடதுசாரி அபேட்சகர்களுக்கும் விழுந்தன. தோட்ட முதலாளிகளுக்கும் அவர்களுடைய மந்திரிகளுக்கும் அது பொறுக்கவில்லை. மொழியின் பேரால் பிரிப்பதற்கு முன்பே, உழைப்பவனின் ஓட்டைப் பறித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அன்று அந்நாட்டுப் பார்லிமெண்டில் இடதுசாரி மெம்பர்கள் அந்த மசோதாவை எதிர்த்து ஓட்டளித்தனர், எஸ். ஜே. வி. செல்வநாயகமும் எதிர்த்தார்.

1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். 1974ல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ஆட்டு மந்தையை வகுத்தது போல மனிதரை வகுத்தார்கள். தோட்டத் தொழிலாளியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே வந்தவர்களில் சிலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் கன்னியாகுமரி ஜில்லாவின் அரசு ரப்பர்த் தோட்டங்களிலும் வேலைக்கு வைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் கடன் தொகையோடு ஊர் ஊராக விடப்பட்டார்கள். வர வேண்டியவர் பலர் வருவதற்குள் 1984ல் ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பலே நின்றுபோயிற்று. இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு, காகிதத்தை மடியில் முடிந்துகொண்டு காத்திருந்தவன், கலவரத்துக்குத் தப்பிப் படகேறி வந்தபோது இங்கே அவனுக்குக் கிடைத்த பட்டம் "அகதி"!

1983 ஜூலைக் கொலைவெறியைப் பற்றி நம் வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. அப்போது தொடங்கி 1987 வரை சுமார் 1,34,000 பேர் வந்தனர். 1990 யுத்தத்தில் மறுபடி ஒரு லட்சத்துக்கு மேல். 1996ல் ஓர் அலை. 2006ல் ஓர் அலை. 1983க்கும் 2012க்கும் இடையில் வந்து சேர்ந்தவர்கள் 3,04,269 பேர் என்பது மத்திய உள்துறையின் கணக்கு. திரும்பிப் போனவர் போக, ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள்.

அவர்கள் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதும் பொய். முகாம் ஆண்களில் அநேகர் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். கொத்து வேலைக்கும் சுமை தூக்கவும் போகிறார்கள். பெண்கள் கூலிக்குக் களை எடுக்கப் போகிறார்கள். அதிகாரி தணிக்கைக்கு வரும் நாளில் வேலையை விட்டு ஆஜராக நிற்க வேண்டும். வெளியூர் வேலைக்குப் போய்த் தங்க வேண்டுமானால் தாசில்தாரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில்தான் அவர்கள் தங்களுக்குள் ஓர் உதவி ஸ்தாபனத்தைக் கட்டினார்கள். 1984ல் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் முன்நின்று தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அது. அகதியே அகதிப் பிள்ளைக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்தான். அகதிப் பெண்ணே முகாமில் சுகாதார ஊழியராகி, எடை குறைந்த குழந்தையை நிறுத்துப் பார்த்துச் சத்துணவு கொடுத்தாள். சுருள்பாசி வளர்த்து, அதைக் குழந்தைகளுக்குச் சத்து மருந்தாகக் கொடுத்தார்கள். பத்தாவது தேறாத பிள்ளையை மறுபடி படிக்க வைத்தார்கள். பத்துக்குப் பத்து அறையிலிருந்து பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் வந்தது இப்படித்தான். உதவி என்பது மேலிருந்து வீசுகிற சில்லறையாக இல்லாமல், பாதிக்கப்பட்டவன் கையிலேயே நிர்வாகம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல அத்தாட்சி.

அந்தக் கையையும் ஒருமுறை கட்டிப் போட்டார்கள். 1991 மே 21ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை செய்யப்பட்டார். கொலை செய்தவர்கள் ஒரு கூட்டம். தண்டனை அனுபவித்தது முகாமில் இருந்த குழந்தைகள். கல்லூரிகளில் அகதி மாணவருக்கு இருந்த இடங்கள் நிறுத்தப்பட்டன. தொண்டு ஸ்தாபனங்கள் முகாமுக்குள் போகத் தடை வந்தது. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கிற்று. 1995க்குள் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் யுத்தம் ஓயாத நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். போகிறவர் மனம் ஒப்பிப் போகிறாரா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் கமிஷனரின் ஆட்கள் அனுமதிக்கப்பட்டதுகூட, அனுப்பத் தொடங்கிய பிறகுதான். பிந்திய வருஷங்களில் அந்தத் தடைகள் விலகின என்பது உண்மை. ஆனால் பதினேழு வயதில் கல்லூரி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு அந்த வருஷங்களை யார் திருப்பித் தந்தார்கள்?

சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சலுகை கொடுத்தவன் ஒரு காகிதத்தில் அதை எடுத்துக்கொள்ள முடியும்.

பாலஸ்தீனத்தைப் பாருங்கள். 1948ல் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட அரபு மக்கள் வீட்டையும் ஒலிவத் தோப்பையும் விட்டு விரட்டப்பட்டார்கள். அவர்கள் திரும்பிப் போக உரிமை உண்டு என்று ஐ.நா. சபை அந்த டிசம்பரிலேயே தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருக்கிறது. மறு வருஷம் அவர்களுக்கென்று ஒரு நிவாரண ஏஜென்சியை அமைத்தார்கள். 1950 மே முதல் தேதி அது வேலையைத் தொடங்கிற்று. ஆரம்பத்தில் மாவு, கூடாரம், கம்பளி. பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கைத்தொழில் பயிற்சி. இன்று அதில் பதிவானவர்கள் சுமார் 59 லட்சம், முகாம்கள் 58. அதன் ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் அகதிகளே. ஆசிரியர்களே அதில் அதிகம். எழுபத்தைந்து வருஷமாக அந்த ஜனங்களின் குழந்தைகள் எழுத்தறிந்து நிற்பதற்கு இது பெரிய காரணம்.

ஆனால் அந்த ஏஜென்சிக்குச் சொந்தமான வருமானம் கிடையாது. வல்லரசுகள் மனம் வைத்துப் போடுகிற பணத்தில் நடக்கிறது. 2018ல் அமெரிக்கா பணத்தை நிறுத்திற்று. 2021ல் மறுபடி கொடுத்தது. 2024 ஜனவரியில் மறுபடி நிறுத்திற்று. அப்போது காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஜனங்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தனர். 2024 அக்டோபர் 28ல் அந்த ஏஜென்சி தன் எல்லைக்குள் இயங்கக் கூடாது என்று இஸ்ரேல் பார்லிமெண்ட் சட்டமே போட்டது. ஏஜென்சியின் ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் அந்த யுத்தத்தில் கொல்லப்பட்டார்கள். அதற்கு இந்திய சர்க்கார் 2018 முதல் வருஷத்துக்கு 50 லட்சம் டாலர் கொடுத்து வந்திருக்கிறது. கொடுத்தது நியாயம். தூரத்து அகதிக்கு டாலர் அனுப்பத் தெரிந்த டெல்லிக்கு, கோபாலசமுத்திரத்து அகதிக்கு ஒரு காகிதம் கொடுக்கத் தெரியவில்லையே என்பதுதான் நம் கேள்வி.

பாலஸ்தீனத்திலிருந்து இன்னொன்றும் நாம் கற்க வேண்டியிருக்கிறது. ஒரே ஜனங்கள், ஒரே ஏஜென்சி. ஆனால் லெபனானில் இருப்பவன் டாக்டராக முடியாது, வக்கீலாக முடியாது, 2001க்குப் பிறகு சொந்தமாக வீடு வாங்கவும் முடியாது. ஜோர்டானில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டுப் பிரஜைகள்; ஓட்டுப் போடுகிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள். பிரஜையானதால் ஊர் திரும்பும் உரிமையை அவர்கள் விட்டுக் கொடுத்து விடவில்லை. "பிரஜாவுரிமை கொடுத்து விட்டால் ஈழத்தில் தமிழன் எண்ணிக்கை குறைந்து போகும்" என்று இங்கே சில பெரிய மனிதர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலைக்காக இன்னும் ஒரு தலைமுறை முகாமில் கிடக்க வேண்டுமா? திரும்பிப் போக விரும்புகிறவருக்குக் கப்பலும், அங்கே அவருடைய காணியும் கிடைக்கட்டும். இருக்க விரும்புகிறவருக்குப் பிரஜாவுரிமை கிடைக்கட்டும். எது வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். 1964ல் கேட்காத கேள்வியை இப்போதாவது கேட்கட்டும்.

டெல்லியின் சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் வருஷத்து ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2019ல் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள்: பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்க தேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கு மட்டும் வழி திறந்தார்கள். முஸ்லிமை விட்டார்கள், இலங்கையையே விட்டார்கள். நெற்றியில் திருநீறு பூசியவனும் கழுத்தில் சிலுவை போட்டவனும் இந்த முகாம்களில் இருக்கிறார்கள்; அவர்களுக்கும் இடமில்லை. மதத்தைச் சொல்லிச் சட்டம் போட்டவர்களின் பக்தி எவ்வளவு என்பதை இதிலேயே அளந்து பார்க்கலாம்.

2019 ஜூனில் மதுரை ஐகோர்ட் கிளை, திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 மலைநாட்டு வம்சாவளியினரின் வழக்கில், இவர்களை இத்தனை காலம் கண்காணிப்பில் முகாமில் வைத்திருப்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்கு விரோதம் என்று சொல்லி, பிரஜாவுரிமை மனுக்களைப் பரிசீலிக்கும்படி உத்தரவிட்டது. மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022ல் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் சட்டப்படி இந்தியப் பிரஜை என்பதே காரணம். அந்தப் பெண் 2024ல் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார், முப்பத்தெட்டாவது வயதில்! 1987க்குப் பின் அதே முகாமில், அதே பாயில் பிறந்த தம்பிக்கு அந்த வழி இல்லை.

2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு வந்தபோது, இந்தியா ஒன்றும் தர்ம சத்திரம் அல்ல என்று நீதிபதி சொன்னார். சத்திரத்தைக் கேவலமாகப் பேச நம் நெல்லைச் சீமைக்காரனுக்கு வாய் வராது. தாமிரபரணிக் கரையில் ஊருக்கு ஊர் சத்திரமும் சாவடியும் சுமைதாங்கியும் கட்டிய பூமி இது. அது கிடக்கட்டும். முகாம் மக்கள் கேட்பது சத்திரத்துச் சோறு அல்ல. உழைத்துச் சாப்பிடுகிற உரிமை. 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது: 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்று. நாற்பது வருஷம் கழித்து, "நீ இங்கே இருப்பது குற்றமல்ல" என்று சொல்லியிருக்கிறார்கள். "நீ இந்த நாட்டான்" என்று சொல்வதற்கு இன்னும் எத்தனை வருஷமோ!

கூடங்குளம் கடற்கரைக்கு நிவாரணம் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ல் கடல் வீட்டுக்குள் வந்தது. லாரி லாரியாக அரிசியும் துணியும் வந்தன; போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இடிந்தகரையில் சுனாமிக் காலனி எழுந்தது. எட்டு வருஷம் கழித்து, அணு உலையை எதிர்த்துக் கடற்கரையில் உட்கார்ந்த அதே ஜனங்கள் மீது தடியடியும், ராஜத்துரோக வழக்கும் வந்தன. உலை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தை இங்கே நாம் எடுக்கவில்லை. நிவாரணம் வாங்கியவன் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைக்கிற அதிகாரியின் மனப்பான்மையை இந்தக் கரை கண்டிருக்கிறது என்பதையே சொல்கிறோம். மாஞ்சோலைத் தோழர்களும் கண்டிருக்கிறார்கள். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காட்டில் நாலு தலைமுறை தேயிலை பறித்த பிறகு, 2024ல் கம்பெனி வேலையை முடித்துக்கொண்டபோது, குடியிருந்த லயன் வீடு அவர்களுக்குச் சொந்தமில்லை என்று தெரிந்தது.

கடைசியாகக் கூலி விஷயம். உண்மையில் இதுவே முதல் விஷயம்.

காண்டிராக்டருக்கு முகாம் ஆளைப் பிடிக்கும். ஏன்? அவன் போலீசுக்குப் பயப்படுவான். லேபர் ஆபீசுக்குப் போக மாட்டான். கூலியைக் குறைத்தாலும் கேட்க மாட்டான். அவனைக் காட்டி உள்ளூர் ஆளிடம், "அவன் குறைத்து வாங்குகிறான், உனக்கென்ன?" என்று கேட்பான். உள்ளூர் ஆளுக்குக் கோபம் வரும். காண்டிராக்டர் மேல் வராது, முகாம் ஆள் மேல் வரும்! 1930களில் கொழும்பில் நடந்த நாடகம் அப்படியே இங்கே நடக்கிறது. வேஷம் மட்டும் மாறியிருக்கிறது. அங்கே நம் ஆள் வெளியூரான். இங்கே அவன் வெளியூரான். அவன் பயந்து வாழ்கிற வரையில் நம் கூலியும் ஏறாது. ஆகவே அவனுடைய பிரஜாவுரிமை நம் கூலிப் பிரச்னை. விக்கிரமசிங்கபுரம் மில் தொழிலாளியும் சேரன்மகாதேவி நடவுப் பெண்ணும் இதை வெறும் இரக்கப் பிரச்னையாகப் பார்த்தால் விஷயம் புரியாது.

சட்டம் இதில் நமக்கு எதிராக இல்லை. 1926ல் தொழிற்சங்கச் சட்டம் எழுதியபோது, பதினைந்து வயது நிரம்பிய எவரும் சங்கத்தில் சேரலாம் என்றே எழுதினார்கள். நீ எந்த நாட்டுப் பிரஜை என்று அது கேட்கவில்லை. அரசியல் சட்டத்தின் 14ஆவது, 21ஆவது பிரிவுகள் "எந்த நபருக்கும்" என்று பேசுகின்றன; "எந்தப் பிரஜைக்கும்" என்று பேசவில்லை. சட்டம் திறந்து வைத்த கதவை நம் சங்கங்கள் ஏன் மூடி வைக்க வேண்டும்?

மத்திய சர்க்காரை நாம் கோருவது இது: இலங்கையிலிருந்து வந்தவரையும் அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளையும், மதம் பார்க்காமல், விரும்புகிறவர் அனைவரையும் பிரஜையாக ஏற்க வேண்டும்; மலைநாட்டு வம்சாவளியினரின் மனுக்களை முதலில் எடுத்து முடிக்க வேண்டும். ராஜ்ய சர்க்காரை நாம் கோருவது: அறிவித்த வீடுகள் அனைத்தையும் கட்டி முடிக்க வேண்டும், விலைவாசிக்கு ஏற்ப உதவித் தொகையை உயர்த்த வேண்டும், வேலைக்குப் போகிறவரை ஆஜருக்கு இழுக்கிற வழக்கத்தையும் திருச்சிச் சிறப்பு முகாமையும் ஒழிக்க வேண்டும். முகாம் நிர்வாகத்தில் முகாம் மக்களே தேர்ந்தெடுத்த கமிட்டிக்கு இடம் வேண்டும். பெண்கள் அதில் பாதிப் பேராக இருக்க வேண்டும்.

இவை நிறைவேறுகிற வரையில் நம் கைக்கு எட்டுகிற வேலை ஒன்று இருக்கிறது. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையிலும் கட்டட வேலைகளிலும் முகாம் ஆட்கள் எத்தனை பேர், என்ன கூலிக்கு என்று அந்தந்த சங்கக் கிளைகள் விசாரித்து எழுதிக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரசீதுப் புத்தகத்தோடு முகாமுக்குப் போய் மெம்பர் சேர்க்கட்டும். பிசானத்துக்கு நடவுக் கூலி பேச மிராசுதார்களோடு உட்காரும்போது, விவசாயத் தொழிலாளர் தரப்பில் போகிற பெண்களில் இரண்டு பேர் கோபாலசமுத்திரம் முகாமைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். பேசி முடிக்கிற கூலி அவர்களுக்கும் அதே கூலி என்று பேச்சிலேயே எழுதி வாங்கட்டும்.